ஸ்லைடில் ஒரு கீறல்: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்?

நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்ட் கெட்டுப்போனால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். ஸ்லைடுக்கு அந்த வசதி கிடையாது. கேமராவுக்குள் ஓடி, வெளிச்சம் வாங்கி, ரசாயனத் தொட்டிகளில் முங்கி எழுந்த அதே ஃபிலிம் துண்டுதான் ஸ்லைடு. அதற்கு முன்னால் ஒரு மூலம் இல்லை, பின்னால் ஒரு பிரதியும் இல்லை. அச்சுக்கூடத்தார் ட்ரான்ஸ்பரன்சி என்றும் மற்றவர்கள் ஸ்லைடு என்றும் சொல்லும் இந்தப் படங்களில் புள்ளியோ கீறலோ கறையோ விழுந்தால் அதைச் சரிசெய்ய ஒரு கலையே இருந்தது. அந்த வேலை பெரும்பாலும், உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் அசலின் மேல்தான் நடந்தது. கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கலர் ஸ்லைடைப் பரவலாக்கியது கோடக் நிறுவனத்தின் கோடாக்ரோம். லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் காடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் உருவாக்கிய அந்த ஃபிலிம் 1935-இல் சினிமா கேமராவுக்கும், 1936-இல் 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கும் வந்தது. பிறகு எக்டாக்ரோம், அக்ஃபாக்ரோம், ஃபியூஜிக்ரோம் என்று வரிசையாக வந்தன. பத்திரிகை அட்டை, காலண்டர், விளம்பரம், மருத்துவக் கல்லூரி வகுப்பு, சிற்ப ஆய்வு என்று நல்ல நிறம் தேவைப்பட்ட இடமெல்லாம் ஸ்லைடுதான். கோடக் தன் கரோசல் புரொஜெக்டரை 2004-இல் நிறுத்தியது. கோடாக்ரோம் 2009-இல் நின்றது. நிறுத்தப்பட்டிருந்த எக்டாக்ரோம் 2018-இல் திரும்ப வந்தது. எடுத்த படங்களோ பீரோக்களிலும் நூலக அலமாரிகளிலும் பெட்டி பெட்டியாக இன்னும் இருக்கின்றன.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் டச்சிங் என்பது தனித் திறமை. கருப்பு வெள்ளை நெகட்டிவை வெளிச்சத்துக்கு முன் சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்துத் தழும்பையும் கண்ணுக்கடியில் விழுந்த நிழலையும் மெல்லத் தொட்டுக்கொண்டே வருவார்கள். நெகட்டிவில் கருமை ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கருமை கூடிப்போன இடத்தைக் கூரிய கத்தியால் லேசாகச் சுரண்டினால் பிரிண்டில் அது கருக்கும். கூட்டுவதற்கு ஒரு கருவி, குறைப்பதற்கு ஒரு கருவி. பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களைச் சாய்த்துப் பார்த்தால் முகத்தின் மேல் அந்தப் பென்சில் தடங்களை இன்றும் காணலாம். கலர் ஸ்லைடில் இந்த இரண்டுமே பலிக்காது. பென்சில் வைத்தால் அது பென்சில் கோடாகவே திரையில் தெரியும். கத்தி வைத்தால் நிறமே மாறிப்போகும்.

ஏன் மாறுகிறது என்பதற்கு ஃபிலிமின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் பேஸ், பெரும்பாலும் அசிடேட். அதன்மேல் ஜெலட்டினாலான எமல்ஷன். மொத்த எமல்ஷனும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு கனம்தான் இருக்கும். அதற்குள் மூன்று சாய அடுக்குகள்: மேலே மஞ்சள், நடுவில் மெஜந்தா, பேஸை ஒட்டிக் கீழே சயன் என்னும் பச்சை கலந்த நீலம். மூன்று சாயமும் நிறைந்த இடம் கருப்பாகத் தெரியும். மூன்றும் இல்லாத இடத்தில் விளக்கொளி அப்படியே கடந்து வந்து வெள்ளையாகத் தெரியும். மற்ற எல்லா நிறமும் இந்த மூன்றின் அளவு ஏறி இறங்குவதால் வருவதே. படம் உருவாகும்போது எமல்ஷனில் வெள்ளி இருக்கும். டெவலப் செய்து முடிக்கும்போது பிளீச்சும் ஃபிக்ஸரும் அதைச் சுத்தமாக எடுத்துவிடும். ஆக, கையில் வரும் கலர் ஸ்லைடில் வெள்ளி கிடையாது, சாயம் மட்டுமே. ஸ்கேனரைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இப்போது எமல்ஷன் பக்கம் ஒரு கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருமையான பகுதியில் விழுந்தால் அது தன் ஆழத்தைத் தானே சொல்லிவிடும். மேலோட்டமான கீறல் மஞ்சள் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கும். மெஜந்தாவும் சயனும் மிஞ்சுவதால் கோடு நீலமாகத் தெரியும். இன்னும் ஆழமாகப் போயிருந்தால் மெஜந்தாவும் போய், சயன் மட்டும் மிஞ்சி, பச்சை கலந்த நீலக்கோடு. அடிவரை போயிருந்தால் வெள்ளைக்கோடு. ஒரே கீறல் தொடங்கும் இடத்தில் நீலமாகவும் நடுவில் வெள்ளையாகவும் முடியும் இடத்தில் மறுபடி நீலமாகவும் இருப்பதைப் பழைய ஸ்லைடுகளில் அடிக்கடி பார்க்கலாம். இந்த நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பழுதுபார்க்கும் வேலையில் பாதி முடிந்தது என்பேன். எந்த அடுக்கு போயிற்றோ அந்த நிறத்தைத்தானே திருப்பித் தர வேண்டும்?

பேஸ் பக்கத்துக் கீறல் வேறு வகை. அங்கே சாயமே இல்லை. பிளாஸ்டிக்கில் விழுந்த பள்ளம் ஒளியைச் சிதறடிக்கிறது. சிதறிய ஒளி லென்ஸுக்குள் போகாததால் திரையில் கருப்புக்கோடு விழுகிறது. கருப்புப் புள்ளிக்கோ பல காரணங்கள். இப்போது மேலே உட்கார்ந்திருக்கும் தூசியாக இருக்கலாம். படமெடுத்த கணத்தில் கேமராவுக்குள் ஃபிலிம்மேல் ஒட்டியிருந்த தூசியின் நிழலாகவும் இருக்கலாம்: வெளிச்சம் படாத இடத்தில் மூன்று சாயமும் முழுமையாக ஏறிவிடும். முதல் டெவலப்பர் தொட்டியில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் அதே விளைவுதான். முதல் வகை ஊதினால் போகும். மற்ற இரண்டும் படத்தின் உடம்பிலேயே இருப்பவை, எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதைத் தெரியாமல் தேய்த்துத் தேய்த்தே நல்ல ஸ்லைடுகளைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் நன்றாகப் பார்க்க வேண்டும். லைட் டேபிள்மேல் வைத்து, லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது ஒரு பார்வை. டேபிள் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்லைடைக் கையில் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது இன்னொரு பார்வை. மேலே இருக்கும் தூசியும் இழையும் கீறலின் விளிம்பும் இரண்டாவது பார்வையில்தான் மினுங்கும். படத்துக்குள்ளேயே இருக்கும் புள்ளி அப்போது கண்ணுக்கே தெரியாது. எந்தப் பக்கம் எமல்ஷன் என்பதையும் இதே சாய்வு காட்டிக்கொடுக்கும்: பேஸ் கண்ணாடிபோலப் பளபளக்கும், எமல்ஷன் சற்று மங்கலாக இருக்கும். கோடாக்ரோமில் படத்தின் மேடு பள்ளமே லேசாகத் தெரியும். படத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் இன்னும் எளிது. எழுத்து நேராகப் படிக்க வந்தால் நம் பக்கம் இருப்பது பேஸ்.

முதலில் ரப்பர் பல்பால் ஊதுவது. வாயால் ஊதினால் எச்சில் துளி படும், அது தூசியைவிட மோசம். ஊதியும் போகாததை மிக மென்மையான பிரஷ்ஷால் எடுக்கலாம். கைரேகைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஃபிலிம் கிளீனர் என்றே விற்கும் திரவம் உண்டு. அது இல்லாவிட்டால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் ஓட்டலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைக் கிட்டவே கொண்டுவரக்கூடாது. அசிடேட் பேஸையே அது கரைத்துவிடும். கைரேகை பல வருஷம் கிடந்து ஜெலட்டினுக்குள் இறங்கிவிட்டிருந்தால் எந்தத் திரவத்துக்கும் அது அசையாது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடலோர ஊர்களில் இதைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் ஃபிலிமில் பூஞ்சை பிடிக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் அந்த அளவைத் தாண்டாத மாதத்தைத் தேட வேண்டும். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. சிலந்தி வலைபோன்ற இழைகள் படத்தின்மேல் பரவியிருப்பதைக் கண்டதும் கழுவத்தான் கை போகும். தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்துவிடுகிறது, கழுவினால் படமும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் கலக்காத ஃபிலிம் கிளீனரால் மட்டுமே துடைக்க வேண்டும். இழைகள் போன பிறகும் அவை அரித்த தடம் பல வண்ணக் கொடிபோல நிற்கும். பூஞ்சை எந்தெந்த அடுக்குவரை இறங்கியது என்பதைத்தான் அந்த நிறங்கள் காட்டுகின்றன.

பேஸ் பக்கத்துக் கீறலுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. இருட்டறைக்காரர்கள் மூக்கின் ஓரத்தை விரலால் தொட்டு, அதில் வரும் எண்ணெய்ப் பசையைக் கீறல்மேல் தடவிவிட்டுப் பிரிண்ட் போடுவார்கள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். காரணம் திடமானது: பிளாஸ்டிக்கும் அந்த எண்ணெயும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வளைப்பதால், பள்ளம் நிரம்பியதும் ஒளி சிதறுவது குறைந்து கோடு மங்குகிறது. சினிமா லேப்களில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். பிரிண்டர் வாயிலில் ஃபிலிம் பெர்குளோரோஎத்திலின் என்ற திரவத்துக்குள் மூழ்கியபடியே ஓடும். அதற்கு வெட் கேட் என்று பெயர். டிரம் ஸ்கேனரில் ஸ்லைடைத் திரவம் தடவி ஒட்டுவதும் இதே தத்துவம்தான். மூக்கு எண்ணெயை நிரந்தரமாக விட்டுவைப்பது தப்பு. வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கும் குறைக்குத்தான் பிரஷ்ஷும் சாயமும். இங்கே ஓர் அளவைச் சொல்லியாக வேண்டும். 35 மி.மீ. ஸ்லைடின் படம் 24க்கு 36 மி.மீ. அதை ஒன்றரை மீட்டர் அகலத் திரையில் போட்டால் நாற்பது மடங்குக்கு மேல் பெரிதாகிறது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் புள்ளி திரையில் 2 மி.மீ. ஆகிவிடும். அந்தப் புள்ளியை அடைக்க வைக்கும் சாயம் கொஞ்சம் வழிந்தாலும் அதுவும் நாற்பது மடங்கு வழியும். அதனால் தொழில்முறை டச்சிங் எல்லாம் 4க்கு 5 அங்குலம், 8க்கு 10 அங்குலம் போன்ற பெரிய தாள் ஃபிலிம்களில்தான் நடந்தது. 35 மி.மீ. அசலில் வேலை செய்யச் சொன்னால், அனுபவசாலிகள் முதலில் அதைப் பெரிய ஃபிலிமில் டூப், அதாவது நகல், எடுத்துக்கொண்டு, டூப்பில்தான் கைவைப்பார்கள். சாதாரண ஸ்லைடு ஃபிலிமில் டூப் எடுத்தால் வெளிச்சமான இடம் இன்னும் வெளுத்து நிழல் இன்னும் கருத்துவிடும் என்பதால், காண்ட்ராஸ்ட் குறைந்த டூப்ளிகேட்டிங் ஃபிலிம் என்றே தனியாக வந்தது.

சாய வேலையின் அடிப்படை விதி ஒன்றுதான். குழம்பில் உப்பைப் போடலாம், எடுக்க முடியாது. ஸ்லைடிலும் சாயத்தைச் சேர்க்கலாம், ஒளியைச் சேர்க்க முடியாது. வெளுத்த குறை, அதாவது வெள்ளைப் புள்ளி, நீலக் கீறல், நிறம் போன திட்டு இவை பிரஷ்ஷுக்குக் கட்டுப்படும். கருத்த குறை கட்டுப்படாது. நீல வானத்தின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தால் எந்தச் சாயமும் அதை வானமாக்காது.

சாயம் தண்ணீரில் கரைவது. ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சும் பொருள். சாயம் அதன் வழியாக உள்ளே இறங்கி அங்கேயே தங்குகிறது. மேலே பூசி நிற்கும் பெயிண்ட் அல்ல இது. கோடக் நிறுவனமே இதற்கென்று சயன், மெஜந்தா, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், நடுநிலைச் சாம்பல் என்று சாயங்களை விற்றது. மேலே வார்னிஷ் பூச்சு இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சாயம் உள்ளே இறங்காது. தேவையானவை: நுனி கூர்மையான மிகச் சிறிய இயற்கை முடிப் பிரஷ், வெள்ளைத் தட்டு, தண்ணீரைப் படியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு துளி, ஒற்றுத்தாள், கைக்கு வெள்ளைப் பருத்தி உறை. கழித்துப்போட்ட அதே வகை ஃபிலிம் துண்டு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாச் சாயமும் முதலில் அதன்மேல்தான் ஏற வேண்டும்.

வேலையின் ஓட்டம் இப்படி. வேண்டிய நிறத்தைவிட மிக வெளிறிய சாயத்தைக் கலக்க வேண்டும். பிரஷ்ஷை நனைத்து, ஒற்றுத்தாளில் ஓட்டிக் கிட்டத்தட்டக் காயவைத்து, நுனியால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். கோடு இழுக்கக்கூடாது. ஒரு சுற்று வைத்துவிட்டு உலர விட வேண்டும். ஈரமான ஜெலட்டினில் நிறம் சரியாகத் தெரியாது. பிறகு அடுத்த சுற்று. சுற்றியிருக்கும் பகுதியைவிட ஒரு நூல் வெளிறலாக இருக்கும்போதே நிறுத்திவிடுவதுதான் நல்லது. சற்று வெளிறிய இடத்தைக் கண் மன்னித்துவிடும், கருத்த இடத்தை மன்னிக்காது. அதிகமாகிவிட்டால் உடனே சுத்தமான ஈரப்பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். ஊறிக் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

நிறம் எது என்பதற்கு மேலே சொன்ன கீறல் கணக்கு இங்கே கைகொடுக்கிறது. நீலக் கீறலுக்குக் கருப்பு வைக்கத் தேவையில்லை. போனது மஞ்சள் மட்டும். மஞ்சளை வைத்தால் நீலம் கருப்பில் கரைந்துவிடும். பச்சைநீலக் கீறலுக்குச் சிவப்பு, ஏனென்றால் மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்ததுதான் சிவப்பு. இதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி. வெள்ளைக் கீறல்தான் முரட்டுத்தனமானது. அங்கே சாயத்தோடு ஜெலட்டினும் போய்விட்டதால் உறிஞ்ச ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக்மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பின்னணி முழுக்கக் கருப்பாக இருந்தால் ஒளி புகாத ஒப்பேக் வைத்து அடைத்துவிடலாம். ஆஃப்செட் அச்சுக்கு ஃபிலிம் தயாரித்த காலத்தில் லித்தோ நெகட்டிவின் ஊசித்துளைகளை அடைக்க எல்லா அச்சு ஊர்களிலும் புழங்கிய அதே ஒப்பேக்தான். வேறு நிறப் பின்னணியில் அது உதவாது.

பெரிய திட்டுகளுக்கு, உதாரணமாக வெளுத்துப்போன கன்னத்துக்கு, உலர்ந்த சாயக்கட்டி உண்டு. கட்டியின்மேல் லேசாக மூச்சு விட்டு, பஞ்சால் சாயத்தைத் தொட்டு, ஃபிலிமில் வட்டமாகத் தேய்த்துப் பரப்பி, அளவு சரியானதும் நீராவி காட்டினால் உள்ளே இறங்கிவிடும். நீராவிக்கு முன்வரை துடைத்து எடுத்துவிடலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

ஒரு பொறி இருக்கிறது. லைட் டேபிளில் கண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்திய சாயம், அச்சுக்குப் போய் வந்தால் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கலாம். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் ஒளியின் எல்லா அலைநீளங்களையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. டூப் ஃபிலிமும் ஸ்கேனரும் நம் கண்போலப் பார்ப்பதும் இல்லை. அதனால்தான் ஃபிலிமின் சாயங்களுக்கு நெருக்கமாகவே நடந்துகொள்ளும் சாயங்களைத் தனியாகச் செய்தார்கள். கடையில் கிடைக்கும் வாட்டர்கலரோ மையோ சரிப்படாது என்பதற்கும் இதுவே காரணம்.

கருத்த குறையைப் போக்க ரசாயனப் பிளீச் வழி இருந்தது. மூன்று சாயங்களில் ஒன்றை மட்டும் வெளிற வைக்கும் திரவங்கள், எல்லாவற்றையும் அழிக்கும் திரவம் என்று தனித்தனி. புள்ளியைப் பிளீச் செய்து வெள்ளையாக்கி, பிறகு சாயத்தால் சுற்றுப்புற நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளம்பரத் துறையில் பெரும் பொருட்செலவில் கைதேர்ந்தவர்கள் செய்த வேலை அது. இன்று குடும்ப ஸ்லைடிலோ ஆய்வு ஸ்லைடிலோ இதை யாரும் முயலக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சொல்லப்போனால் சாயம் வைப்பதற்கும் அதே பதில்தான். அசலைச் சுத்தம் செய்யுங்கள், அதோடு கையை எடுத்துவிடுங்கள். மற்ற டச்சிங் எல்லாம் ஸ்கேன் செய்த பிரதியில் நடக்கட்டும். ஆவணக் காப்பகங்களும் இந்த வழியைத்தான் விரும்புகின்றன. பழைய ஸ்லைடில் அந்தக் காலத்து டச்சிங் இருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருப்பார்கள், அதுவும் படத்தின் வரலாறு என்பதால்.

4000 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு 35 மி.மீ. ஸ்லைடு சுமார் 2.1 கோடி பிக்ஸல் கொண்ட கோப்பாகும். தூசியும் அதில் பளிச்சென்று வரும். அதைக் கண்டுபிடிக்க நல்ல ஸ்கேனர்கள் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சுகின்றன. டிஜிட்டல் ஐஸ் என்பது இதில் பெயர்பெற்றது. கலர் ஃபிலிமின் சாயங்களை அகச்சிவப்பு தடையில்லாமல் கடந்துபோகும். தூசியும் கீறலும் அதை மறிக்கும். ஆக, அகச்சிவப்புப் படத்தில் காட்சி எதுவும் விழாமல் குறைகள் மட்டும் விழும். கணினி அந்த இடங்களைப் பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடுகிறது. கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும்; அதனால் அங்கே இந்த வித்தை குழம்பிப்போய்ப் படத்தையே குறை என்று நினைத்து அழிக்கும். கோடாக்ரோமும் இதற்குச் சரியாக ஒத்துழைப்பதில்லை. நிக்கான் கூல்ஸ்கேன் 9000-இல் அதற்கென்றே மேம்பட்ட வடிவம் ஒன்றைச் சேர்த்தார்கள். உங்கள் ஸ்லைடின் சட்டத்தில் கோடாக்ரோம் என்று அச்சிட்டிருந்தால், முதலில் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து மெல்லிய விளிம்புகளை உற்றுப் பாருங்கள். கெட்டிருந்தால் அகச்சிவப்பை அணைத்துவிட்டு, திரையில் நூறு சதவீத அளவில் வைத்துப் புள்ளிகளைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

நிறம் மங்குவது டச்சிங்கில் அடங்காத தனிச் சேதம். 1950-கள், 60-களின் எக்டாக்ரோம்கள் இருட்டில் இருந்தாலும் சயனை இழந்து சிவந்துபோகும். கோடாக்ரோம் இருட்டில் அபாரமாக நிற்கும். அமெரிக்காவில் 1939 முதல் 1944 வரை அரசுப் புகைப்படக்காரர்கள் எடுத்த சுமார் 1,600 கலர்ப் படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலுள்ள கோடாக்ரோம்களின் நிறம் இன்றும் திகைக்க வைக்கிறது. புரொஜெக்டர் விளக்குக்கு முன்னால் மட்டும் கோடாக்ரோம் மற்றவற்றைவிட வேகமாக வெளிறும். ஹென்றி வில்ஹெல்ம் 1993-இல் வெளியிட்ட நிறநிலைப்பு பற்றிய பெரிய நூலில் இதைச் சோதனைகளோடு காட்டியிருக்கிறார். சிவந்துபோன ஸ்லைடை ஸ்கேன் செய்து, மிஞ்சியிருக்கும் சயனைக் கணினியில் உயர்த்தி நிறத்தைப் பெருமளவு மீட்கலாம். வெளிச்சமான பகுதிகளில், வெள்ளைச் சட்டையின் மடிப்பிலோ மேகத்தின் ஓரத்திலோ, இருந்த கொஞ்சம் சயனும் முழுதாகப் போயிருக்கும். அங்கே உயர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.